தகரக் கொட்டிலில் ஒரு மசக்கைக் காலம்

மாமி,

சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள். சண்டை முடிந்துவிட்டதாம். காலையிலிருந்து ரேடியோ அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிரதான வீதிக்கு அங்கால், தமிழாக்கள் இருக்கிற பக்கம், கதவெல்லாம் சாத்திக் கிடக்கிறது. எங்கள் முஸ்லிம் பக்கத்தில் மட்டும் வெடிச் சத்தம். அந்தப் புகை மதிலைத் தாண்டி, யன்னலைத் தாண்டி என் மூக்குக்குள் வந்து குந்திக்கொண்டது. கிணற்றடிக்கு ஓடிப்போய்க் காலையில் குடித்த தேத்தண்ணீர் முழுவதையும் சத்தியெடுத்தேன். எழும்பப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறி ஊறி நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பி முடிக்கவும் முடியவில்லை. வெறும் புகைக்கு வருகிற சத்தி இது இல்லை என்று அப்போதே விளங்கிவிட்டது. ஊருக்கு ஒன்று முடிகிற நாளில் எனக்கு ஒன்று தொடங்கிவிட்டது.

"மாமி" என்று கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் போன மாரிமழையோடு நீங்கள் போய்விட்டது நினைவுக்கு வந்தது. உங்கள் பேத்தி வாசலில் நின்று ஒவ்வொரு வெடிக்கும் கைதட்டிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு வயிற்றுக்குள் கிடந்து என்னைப் படுத்தின பாடெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப் போகிறது.

அந்தக் கொட்டில்களை நினைத்தாலே இப்போதும் எனக்கு உடம்பு காய்கிறது. கடல் வந்து போன பிறகு பள்ளிக்கூடத்தில் கிடந்த எங்களை, வயலோரத்து வெட்டையில் தகரம் அடித்து வரிசையாகக் குடியிருத்தினார்கள். சுவரும் தகரம், கூரையும் தகரம், கதவும் தகரம். கச்சான் காற்று நெருப்பாக வீசுகிற மாதங்கள் அவை. பகலில் உள்ளே இருந்தால் அவிந்துபோவோம், வெளியே வந்தால் முகாமின் கண் முழுவதும் நம் மேலேதான். அந்தப் பெட்டிக்குள் நீங்களும் நானும் உங்கள் மகனும்.

உங்களுக்கு அது எவ்வளவு பெரிய வெட்கம் என்று எனக்கு அப்போது சரியாக விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். தாய் என்றால் மகளோடு இருப்பாள், மகனின் பெண்சாதி வீட்டில் போய்க் கிடக்கிறவள் என்று ஒருத்தியையும் ஊரில் காட்ட முடியாது. உங்கள் மகளையும் அவள் பிள்ளைகளையும் அந்த வீட்டோடு கடல் கொண்டுபோனது. என் உம்மாவையும் எனக்குச் சீதனமாகக் கட்டின வீட்டையும் அதே கடல்தான் கொண்டுபோனது. மிஞ்சின நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சரியாகப் பழகியதுகூட இல்லை. நாலு தகரத்துக்கு நடுவில் நீங்கள் விருந்தாளி மாதிரி வாசலோரம் ஒடுங்கி இருப்பீர்கள். "உங்கட செம்ப எடுத்துத் தண்ணி குடிக்கட்டா மகள்?" என்று கேட்பீர்கள். அந்தச் செம்பும் நிவாரணத்தில் வந்ததுதான்.

இந்த நிலையில்தான் நான் வாயும் வயிறுமாக ஆனேன்.

முதலில் முகாம் முழுக்கச் சந்தோசம். "எடுத்தவன் தாறான்" என்று சொல்லிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என் வயிற்றில் கை வைத்து அழுதார்கள். சத்தி தொடங்கியபோதும் யாரும் பயப்படவில்லை. "சத்தி கூடினா ஆம்புளப் புள்ள கா" என்றாள் பக்கத்துக் கொட்டில் சுபைதா. சொல்லிவிட்டுப் போய்க் கருவாடு பொரித்தாள். அவள் அடுப்புக்கும் என் தலையணைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருந்தது.

சோறு போய், தேத்தண்ணீர் போய், கடைசியில் பச்சைத் தண்ணீரும் வயிற்றில் நிற்கவில்லை. துப்புவதற்கென்று ஒரு பால்மா டின்னை மார்போடு அணைத்தபடி கிடந்தேன். எல்லாவற்றையும்விடக் கொடுமை அந்த நிவாரணச் சோப்பு. எந்த நாட்டில் செய்தார்களோ, பூவும் மருந்தும் கலந்த ஒரு மணம். முகாமில் எல்லாரும் அதில்தான் குளித்தார்கள், அதில்தான் துணி தோய்த்தார்கள். அதனால் உலகத்தில் ஒரு மனிதரும் என் பக்கத்தில் வர முடியவில்லை. உங்கள் மகன் ஆலையில் வேலை முடிந்து, எனக்காகவென்று நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு வருவார். வாசலில் கண்டதுமே எனக்கு ஓங்காளம் வரும். மனுசன் பாவம், தன் முகத்தைப் பார்த்துத்தான் பெண்சாதி சத்தியெடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வெளியிலேயே நிற்பார்.

ஓடிப்போக ஓர் இடம் இருக்கவில்லை மாமி. கொட்டிலை விட்டு ஓடினால் வெட்டை, வெட்டையைத் தாண்டினால் வயல், அதையும் தாண்டலாம். என் வயிற்றை விட்டு நான் எங்கே ஓடுவது?

நாள் போகப் போக நான் வற்றிப்போனேன். அப்போதுதான் முகாமில் வேறு கதை எழும்பியது. கடலில் மௌத்தான மையத்துகளை அடக்கின வெட்டை கிட்டத்தில்தான் இருக்கிறது, பேய் வாடை பட்டுவிட்டது என்றார்கள். நீங்கள் பயந்துபோனீர்கள். ஓதிப் பார்க்கிற லெப்பையை நீங்களேதான் கூட்டிவந்தீர்கள். அவர் ஓதி, தண்ணீர் ஊதித் தந்து, சிரட்டைக் கரித்தணலில் சாம்பிராணியைக் கை நிறையப் போட்டார். யன்னல் இல்லாத தகரப் பெட்டிக்குள் அந்தப் புகை. குடல் கழன்று வருகிற மாதிரிச் சத்தியெடுத்தேன். மஞ்சளாக வந்தது, பிறகு கொஞ்சம் இரத்தமும் வந்தது.

"பாத்தீங்களா, இறங்குது. இன்னம் ரெண்டு மூணு தரம் போட்டாச் சரியாயிரும்" என்றார் லெப்பை.

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். நான் சத்தியெடுக்க எடுக்க அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. புகை போட்டதால் சத்தி, சத்தி வந்ததால் இன்னும் புகை. வருத்தக்காரி செத்துப்போனால் சைத்தானும் போய்விடும்தானே! இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த வளையத்திலிருந்து வெளியே வர வழியே இல்லை என்று நிச்சயமாக நம்பினேன். பிறக்கும் முன்பே பிள்ளை என்னைக் கொன்றுவிடும், எல்லாரும் அதைச் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, லெப்பை சொன்னபடி நீங்கள் வாசலில் இருந்து தணலை விசிறிக்கொண்டிருந்தீர்கள்.

"மாமி, வேணாம்" என்றேன்.

"இண்டைக்கி மட்டுந்தான் மகள். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"புகையச் செல்லல்ல மாமி. புள்ளயச் செல்றன். எனக்கி இந்தப் புள்ள வேணாம்."

சொல்லிவிட்டேன். அந்த முகாமில், அதுவும் உங்களிடம். பக்கத்துக் கொட்டிலில் அகப்பைச் சத்தம் நின்றது. நீங்கள் என்னை அறைவீர்கள் என்று நினைத்தேன், அறைந்திருந்தாலும் நியாயம்தான். நீங்கள் செம்பை எடுத்துத் தணலில் தண்ணீரை ஊற்றினீர்கள். அது சீறி அணைந்தது. பிறகு தகரத்தைப் பார்த்துச் சத்தமாக, "சுபைதா, கருவாடு கருகுது. அடுப்பப் பாருகா" என்றீர்கள். அகப்பை திரும்பவும் ஓடத் தொடங்கியதும் உள்ளே வந்து, என்னைத் தொடாமல் தள்ளி இருந்துகொண்டு, தாழ்ந்த குரலில் கதைத்தீர்கள்.

"உங்கட மாப்புளய வயித்தில வெச்சிரிக்கக்குள்ள எனக்கும் இப்பிடித்தான். நானும் இதையேதான் செல்லித் திரிஞ்சன். வாய் தொறந்து இல்ல, மனசுக்குள்ள. அன்னாசி திண்டன், பப்பாசிக்காய் திண்டன். கிணத்துக் கட்டுல இருந்து குதிச்சும் பாத்தன். அவன் போகல்ல."

நான் டின்னைக் கீழே வைத்தேன்.

"மகள் அப்பிடி இல்ல. அவவக் கேட்டுக் கேட்டுப் பெத்தன். கடலு ஆரக் கொண்டு போச்சி, ஆர உட்டுட்டுப் போச்சி, பாத்தீங்களா?"

உங்கள் கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. பிறகு சொன்னீர்கள்: "வேணாமெண்டு கதைக்கிற நீங்க இல்ல மகள். வயிறு கதைக்கிது. வயித்துட கதைய அல்லாஹ் பாவமா எழுதுறல்ல. எழும்புங்க, ஆசுபத்திரிக்கிப் போவம்."

உங்கள் மகனுக்கு ஆள் அனுப்பினீர்கள். லெப்பை வருகிற நேரத்துக்கு நாங்கள் ஓட்டோவில் ஏறிவிட்டோம். அந்த ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் நான் டின்னுக்குள் முகத்தைப் புதைத்தேன். ஆசுபத்திரியில் இருந்த தமிழ் லேடி டொக்டர் என் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு உங்களுக்குத்தான் ஏசினா. "உடம்பில தண்ணியே இல்ல. இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்க? இது பேயுமில்ல, வாடையுமில்ல. சில பேருக்கு மசக்கை இப்பிடி மிஞ்சிப் போறது. இதுவும் ஒரு வருத்தம்தான், மருந்து இருக்கு."

நீங்கள் திருப்பி ஏசுவீர்கள் என்று பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்கி அண்டைக்கி ஆரும் இதச் செல்லல்ல டொக்டர்" என்றீர்கள். டொக்டர் உங்களை விளங்காமல் பார்த்தா. சேலைன் சொட்டுவதைப் பார்த்தபடி கிடந்த எனக்கு விளங்கியது.

சத்தி நின்றுவிடவில்லை. குறைந்தது, திரும்பக் கூடியது, திரும்பவும் சேலைனுக்குப் போனோம். பிள்ளை பிறக்கும்வரை எனக்கு அந்தத் தகரம்தான் உலகம். ஆனால் நீங்கள் சோப்பை விட்டீர்கள். பயற்று மாவைத் தேய்த்துக் குளித்தீர்கள், உங்கள் மகனையும் அப்படியே குளிக்க வைத்தீர்கள். முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று அவர் என்னிடம் கோபித்துக்கொண்டது வேறு கதை. அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் வயல் வரம்போரத்து வேம்பின் கீழ் வைத்தீர்கள். மீன் வாடியிலிருந்து ஐஸ் வாங்கி, கழுவிக் கழுவி மரத்தூள் போக்கி, உடைத்து உப்புத் தூவித் தந்தீர்கள். அது மட்டும்தான் வயிற்றில் நின்றது. லெப்பை வழியில் கண்டு விசாரித்தபோது, "அது சேலைனுக்கு இறங்கிட்டு லெப்பை" என்றீர்களாம்.

ஆளின் மூச்சுப்பட்டாலும் ஆகாத நாட்களில் நீங்கள் உள்ளே வரமாட்டீர்கள். தகரத்துக்கு வெளியே நிழலில் குந்திக்கொண்டு நகத்தால் மெல்லத் தட்டுவீர்கள். நான் உள்ளேயிருந்து திருப்பித் தட்டுவேன். கதை ஒன்றும் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள், நான் உயிரோடு கிடக்கிறேன், அவ்வளவுதான் அதில் சேதி.

பிள்ளை பிறந்த அன்றைக்கே சத்தி ஓடி ஒளிந்துவிட்டது. நான் முதலில் கேட்டது சோறும் கருவாடும்! சுபைதாதான் பொரித்துக்கொண்டு ஓடி வந்தாள். "பாத்தயா, எண்ட கருவாட்டுல ஒரு குத்தமும் இல்ல" என்றாள்.

இனி ஒரு பிள்ளை இந்த வயிற்றில் இல்லை என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். இந்த வீடு கிடைத்து வந்த பிறகு, "அடுத்தது எப்ப?" என்று கேட்டு வந்தவர்களை நீங்கள் வாசலிலேயே மடக்கினீர்கள். "அவட வயித்த உடுங்க, உங்கட வயித்தப் பாருங்க" என்று துடைப்பத்தோடு நின்றீர்கள். ஆனால் அந்த வியாழக்கிழமை சொன்ன கதையை நீங்களும் பிறகு எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. "எங்கட உம்மாக்கி நான் எண்டா உசிரு" என்று உங்கள் மகன் பெருமையடிக்கிற நேரமெல்லாம் நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைவேன். நீங்கள் கறி ஊற்றுவதில் மும்முரமாகிவிடுவீர்கள். நீங்கள் மௌத்தான பிறகு அந்தக் கதை என்னோடு மட்டும் தங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்றைக்கு ஆலையை மத்தியானத்தோடு மூடிவிட்டார்கள். உங்கள் மகன் வந்தபோது நான் இன்னும் கிணற்றடியில்தான் குந்தியிருந்தேன். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி அந்த இடத்தைக் கழுவினார். அவர் முகத்தில் சந்தோசத்தின் ஒரு துளி தெரிந்தது. அதைக் கண்டதும் பழைய தகரக் கதவு என் மேல் சாத்தப்பட்ட மாதிரி இருந்தது. யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது:

"எனக்கி வேணாம்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உம்மா செல்லிட்டுத்தான் போனாங்க" என்றார்.

"என்ன?"

"படுக்கையில கிடக்கக்குள்ள ஒரு நாள் கதவச் சாத்திப்போட்டு வரச் சொன்னாங்க. ‘அவ திரும்பவும் உண்டானா வேணாமெண்டுதான் செல்லுவா. நீ கோவிக்கப்படாது மகன். நானும் உன்ன வேணாமெண்டு செல்லிச் செல்லிப் பெத்தவதான்’ எண்டாங்க."

வெளியே திரும்பவும் ஒரு கட்டு வெடி வெடித்தது. அவர் என்னைப் பார்க்காமல் வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு மனசு நோகல்லியா?" என்று கேட்டேன்.

"நொந்திச்சி. கொஞ்ச நாள் உம்மாட முகத்தப் பாக்கவும் ஏலாமத்தான் இருந்திச்சி. பொறகு போய்க் கால அமுக்கி உட்டன்."

மாமி, பெற்ற மகனிடம் அதைச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது? கடைசிக் காலத்தில் அவர் ஒருத்தரின் கைதானே உங்களுக்கு இருந்தது? அந்தக் கையும் விலகிப்போகலாம் என்று தெரிந்துகொண்டேதானே சொன்னீர்கள்? நீங்கள் இல்லாத ஒரு நாளில் நான் இந்தக் கிணற்றடியில் குந்தியிருப்பேன் என்று எண்ணி, எனக்காக. அதை நினைத்துத்தான் இன்றைக்கு அழுதேன், சத்திக்கு இல்லை.

யன்னலையெல்லாம் அவர் இறுக்கச் சாத்திவிட்டார். சத்திக்கு மருந்தெடுக்க நாளைக்கே டொக்டரிடம் போகலாம் என்கிறார். இன்னும் எத்தனை மாதம் கிடக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். சொன்னால் நம்புவீர்கள், இப்போதும் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. வருகிற நேரமெல்லாம் அதை உங்கள் மகனிடம் சத்தமாகச் சொல்கிறேன். அவர் கோபிக்காமல் தலையாட்டி "ஓம்" என்கிறார்.