பட்டியலில் இல்லாத மரம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாததுதான் குறை. கைபேசியில் என் பெயரைப் பார்த்தாலே நீ எடுப்பதில்லை, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கிழி.

குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீ மாட்டிய குழாய் வேறெப்படி இருக்கும். உன் மருமகள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். கணக்கில் மட்டும் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள், பாதி மதிப்பெண் தாண்டுவதில்லை.

எங்கள் அலுவலகத்தின் காடு அளக்கும் விமானம் இந்த ஆண்டும் பறந்து முடிந்தது. மேலிருந்து லேசர் அடித்துக் காட்டை அளந்த புள்ளிகளெல்லாம் என் கணினிக்கு வந்துவிட்டன. போன ஆண்டோடு ஒப்பிட எனக்குக் கொடுத்தது, உன் அத்தான் உயிர்விட்ட அதே சரிவு. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவர் மேல் விழுந்தது 4172ஆம் மரம், நீ அதைச் சரியாகப் பார்க்காமல் அவரை அனுப்பினாய் என்று பட்டியலை வைத்தே எழுதிய விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அதைத்தான் முதலில் தேடினேன். அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும். ஆனால் 4172 அப்படியே நிற்கிறது தம்பி. முப்பத்தொரு மீட்டர், போன ஆண்டைவிட ஒரு சாண் கூடுதல்.

பழைய அளவீட்டைத் திறந்து அந்த மரத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். அதன் கிளைகளுக்குள்ளே இன்னொரு மரம், இலையே இல்லாத பட்டமரம். லேசர் அதில் பட்டுத் திரும்பியது கொஞ்சம்தான், முப்பது நாற்பது புள்ளிகள் ஒரு கோடாக மேலே போகின்றன. இந்த ஆண்டு அளவீட்டில் அந்தக் கோடு இல்லை. கணினி இரண்டையும் ஒரே மரமாக எண்ணிவிட்டது. அடர்ந்த இடத்தில் அது அப்படித்தான் எண்ணும். அதற்காகத்தான் ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சரி போட வேண்டும். அதற்குச் சரி போட்டது நான். அன்றைக்கு முந்நூறு மரம் முடிக்க வேண்டியிருந்தது, மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளிவிட்டேன்.

நான் பிரித்துக் குறித்திருந்தால் காட்டில் இறங்கி அளக்கும் உன் குழுவுக்கு வந்த பட்டியலில் அங்கே எச்சரிக்கைச் சிவப்புப் புள்ளி இருந்திருக்கும். பட்டமரத்துக்குப் பக்கத்தில் சுற்றளவு எடுக்க நீ ஒருவரையும் அனுப்பமாட்டாய், அத்தானையா அனுப்புவாய்? அடிமரத்தைக் கொடி மூடி, கீழிருந்து பார்க்கப் பச்சையாக இருந்தது என்று சொன்னாய். விழுந்தது பக்கத்து மரம் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாய். யாரும் நம்பவில்லை. மருத்துவமனை வராந்தாவில் எல்லார் முன்னாலும் நான் உன்னைக் கேட்டேன்:

"பட்டியல்ல இல்லாத மரம் எங்கேருந்துடா வந்துச்சு?"

மறுவாரம் ஊரைவிட்டே போய்விட்டாய். கூடப் பிறந்தவன் சொன்னதை நம்பாமல் நான் போட்ட பட்டியலை நம்பினேன். இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணையை மறுபடி எடுக்கிறார்களாம். என் வேலை நிலைக்குமா தெரியாது, அது போகட்டும். உன் மேல் விழுந்த பழி நீங்கினால் போதும்.

வீட்டில் சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. உன் மருமகளை உட்காரவைத்து, அப்பா போனது மாமாவால் இல்லை, அம்மா செய்த தவறால் என்று சொன்னேன். இரண்டு நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் உன் முகவரியைக் கேட்டாள். உறையின் மேல் எழுதியிருப்பது அவள்தான்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அவளுக்காக ஒருமுறை வா. கதவை அவளே திறக்கட்டும். நான் சமையலறையிலேயே இருந்துகொள்கிறேன். நீ கூப்பிட்டால் மட்டும் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா