பூசணிக்காய் அளவு காது

என் டமார மாமாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகியும் உங்கள் சுகம் கேட்காமல் எனக்குக் கடிதம் எழுத வரவில்லை.

நான் கூட்டித் துடைக்கும் காது ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குக் காட்ட, பூசணிக்காய் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் காது இருக்கிறது. நேற்று தூசி தட்டும்போது கழன்று விழுந்துவிட்டது. உள்ளே உங்கள் சுத்தியல் மாதிரி ஒரு குட்டி எலும்பு, தட்டுவதற்குப் பட்டறைக்கல் மாதிரி இன்னொன்று, அப்புறம் நத்தை மாதிரி சுருண்ட ஒன்று. அவசரத்தில் நத்தையைக் காது ஓட்டையில் செருகிவிட்டேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தக் காதுக்கு என்ன கேக்கும்?" என்றார்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கேட்ட அளவுக்குக் கேக்கும்மா."

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். தகரம் தட்டித் தட்டி உங்கள் இடது காது போன கதையைச் சொன்னேன். வலது காது மட்டும் நான் முணுமுணுக்கிற திட்டைக்கூட விடாது என்றும் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. கடைசி நாளில் ஊரில் உங்கள் தங்கை போனை உங்கள் காதில் வைத்தாள். நான் இங்கிருந்து அரைமணி நேரம் பேசினேன். அவளிடம் இப்போது கேட்டால் அழுதுவிடுவாள்.

வாளி நிரம்பிவிட்டது, போகணும். மாமா, அன்றைக்கு அவள் போனை எந்தக் காதில் வைத்தாள்?