முறிகண்டியில் இறங்காத சைக்கிள்

20.8.1960, சனி

ஆசிரியர் சோதனைக்கு இன்னும் ஆறு கிழமை. கொழும்பில் படிக்கும் சிநேகிதி ஜெகதீஸ்வரி தந்த நித்திரை முழிக்கிற குளிசையில் ஒன்றை நேற்று விழுங்கிப் பார்த்தேன். கண் மூடவேயில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. பாடம் மட்டும் ஏறவில்லை! மிச்சம் ஐந்து கிடக்கிறது. இனித் தொடமாட்டேன்.

தம்பி யோகனுக்கு இன்றுதான் காய்ச்சல் விட்டது. அடுத்த ஞாயிறு சைக்கிள் ஓட்டம், கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் போய்த் திரும்பவேண்டும். போன வருஷம் தவராசாவிடம் ஒரு சில்லு இடைவெளியில் தோற்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவன். வென்றால் இந்த முறை கொழும்புப் போட்டிக்கு அனுப்புவார்கள். "கால் ரெண்டும் வாழைத்தண்டு மாதிரிக் கிடக்கக்கா" என்றான். பார்க்கப் பாவமாக இருந்தது.

27.8.1960, சனி

குளிசை என்று அவனிடம் சொன்னால் துப்பிவிடுவான். சொல்லாமல்தான் போடவேண்டும். சரியா, பிழையா?

28.8.1960, ஞாயிறு

இரண்டு குளிசையைத் தூளாக்கி உளுத்தங்கஞ்சியில் போட்டேன். கைப்புத் தெரியாமல் பனங்கட்டியைக் கூடப் போட்டேன். "இண்டைக்குக் கஞ்சி திறம்" என்று வழித்துக் குடித்தான்.

வென்றுவிட்டான்! வெள்ளிக் கிண்ணத்தோடு தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் அவன் இறங்கவில்லையாம். லொறியோ பஸ்ஸோ நிற்காமல் போகாத இடம். ஓட்டத்திலும் திரும்பி வரும்போது எல்லாரும் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். தவராசாவும் இறங்கினானாம். இவன் கோயில் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. இறங்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லாதபடியால் கிண்ணத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

"கோயில் வந்ததே தெரியேல்லையக்கா" என்றான். பொழுதுபட்டும் முற்றத்தில் நின்று துடைத்த சைக்கிளையே திரும்பத் திரும்பத் துடைக்கிறான். நாடி பிடித்துப் பார்த்தேன், எண்ண முடியாத வேகம்.

31.8.1960, புதன்

பேப்பரில் போட்டிருக்கிறது. ரோமாபுரி ஒலிம்பிக்கில் டென்மார்க் சைக்கிள்காரன் ஒருவன் வெயிலுக்குள் ஓடி விழுந்து செத்துப்போனான். ஓட முன்னம் ஏதோ மருந்து கொடுத்ததாகக் கதை. வயது இருபத்துமூன்று. யோகனுக்கு இருபத்தொன்று.

அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் வைத்தேன். ஐயோ, காய்ச்சல் விட்ட உடம்புக்கு நான் என்னத்தைக் குடுத்தனான்! விசரி. நான் ஒரு பைத்தியக்காரி.

4.9.1960, ஞாயிறு

தவராசாவின் தகப்பன் ஐயாத்துரை நாலு பேரோடு வந்தார். அவரும் பேப்பர் பார்த்திருக்கிறார். "மருந்து குடிக்காமல் ஒருத்தன் முறிகண்டியானை மறப்பானே?" என்று கேட்டார். இங்கே இதைச் சோதித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை முறிகண்டியில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணவேண்டுமாம்.

"இப்பவே வாறன்" என்று யோகன் துள்ளினான்.

"நீ இல்லைத் தம்பி. நீ ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச அந்தக் கஞ்சி காய்ச்சினது ஆர்?"

யோகன் சிரித்தான். "எங்கட அக்காவோ? ஒண்டென்ன, ஒன்பது கற்பூரம் அடிப்பா."

நான், கஞ்சி காய்ச்சிய குசினியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

7.9.1960, புதன்

பொய்ச் சத்தியத்தின் பழி என் தலையில் விழுந்தால் தாங்குவேன். அவன் தலையில் விழுந்தால்? அவன் சைக்கிளில் ஏறும் ஒவ்வொரு நாளும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு செத்துச் செத்துப் பிழைக்கவேண்டும்.

உண்மையைச் சொன்னால் கிண்ணம் போகும், கொழும்பு போகும். அவனும் போய்விடுவான்.

இன்று காலை, கொழும்பு ஓட்டத்துக்கும் அதே கஞ்சிதான் வேண்டும் என்றான். "உன்ர கைராசியக்கா." மிச்ச மூன்று குளிசையையும் கக்கூஸ் குழியில் போட்டேன். பயம் போகவில்லை. பிள்ளையாரே, வெள்ளிக்கிழமை வராமல் இருக்கக்கூடாதா?

9.9.1960, வெள்ளி

கற்பூரம் எரிந்தது. கையை ஓங்கினேன். பக்கத்தில் யோகன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றான். என்னில் அவ்வளவு நம்பிக்கை.

கை இறங்கவில்லை.

"நான்தான் போட்டனான். அவனுக்குத் தெரியாது" என்றேன். எல்லாருக்கும் கேட்டது. யோகன் என்னோடு பஸ்ஸில் ஏறவில்லை. பின்னேரம் வந்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தவராசா வீட்டுக்குப் போனான்.

12.9.1960, திங்கள்

நான் சமைப்பதைத் தொடுவதில்லை, கடைப் பாண்தான் தின்கிறான். தண்ணீரும் தானே அள்ளிக் குடிக்கிறான்.

10.10.1960, திங்கள்

சோதனை ஒருமாதிரி எழுதி முடித்துவிட்டேன்.

விடிய, சைக்கிளைத் துடைத்துவிட்டுக் குசினிக்குள் வந்து நின்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு.

"கஞ்சி இருக்கே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோப்பையில் வார்த்து நீட்டினேன். வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

"முதல் நீ குடி."

குடித்தேன். நாக்குச் சுட்டது. நான் விழுங்கும்வரை என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாங்கி, மிச்சத்தைக் குடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான்.

நாளைக்கு உளுந்து ஊறப்போட்டிருக்கிறேன்.