நீட்டிய காலுக்கு நானே சாட்சி

என் பாசத்துக்குரிய சின்னப்பண்ணே,

மாதா கோவிலில் உங்கள் முப்பதாம் நாள் பூசைக்குப் போய், கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். நீங்கள் இருந்தபோது முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாதவன், இப்போது காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

எத்தனை வருஷம் நாம் இருவரும் மாரண்டஹள்ளி மண்டிக்குச் சைக்கிளில் தக்காளி கொண்டுபோனோம். கேரியரில் இரண்டு கூடை, ஹேண்டில்பாரில் பக்கத்துக்கு ஒரு பை. ஒரு கையை எடுத்தாலும் வண்டி சாய்ந்துவிடும். அதனால் வலது பக்கம் திரும்புவதானால் வலது காலை நேராக நீட்டுவோம். பாரம் ஏற்றிய சைக்கிள்காரர்களுக்கு நம் பக்கத்தில் அதுதான் சிக்னல். பஸ் டிரைவர்கள்கூட அதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார்கள்.

அப்புறம் நான் டிரைவிங் பழகி, மண்டி முதலாளியின் வேனில் ஏறிவிட்டேன். நீங்கள் சைக்கிளிலேயே இருந்தீர்கள். எண்பத்திரண்டில் அந்தக் காலை நேரம், மண்டித் திருப்பத்துக்கு முன்னால், என் வேனுக்கு முன்னே போய்க்கொண்டிருந்தீர்கள். உங்கள் கால் நீண்டது. பார்த்தேன். அதற்குள் தாண்டிவிடலாம் என்று ஆரனை அடித்து, வலது பக்கமாக ஏறினேன். நீட்டிய காலிலேயே இடித்தேன்.

தர்மபுரி கோர்ட்டில் உங்கள் நஷ்டஈட்டு வழக்கு வந்தது. கூண்டில் ஏறி, "கால நீட்டிட்டுத்தானுங்க திரும்புனேன்" என்றீர்கள். இன்சூரன்ஸ் வக்கீல் சிரித்தார். "கையைக் காட்டணும்னு சட்டம் இருக்கு. காலைக் காட்டணும்னு எங்கே இருக்கு?" சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு வழக்கம் உண்டா, அவர் காலை நீட்டியதைப் பார்த்தாயா என்று கேட்டார்கள்.

"தெரியாதுங்க. பாக்கலைங்க" என்றேன்.

லைசென்ஸ் பறிபோகும் என்று முதலாளி முந்தின நாளே சொல்லியிருந்தார். பயம்தான் அண்ணே, வேறென்ன. சிக்னல் காட்டாமல் திரும்பியதால் பாதித் தப்பு சைக்கிள்காரர் மேல் என்று தீர்ப்பாயிற்று. கோர்ட் வாசலில் ஊன்றுகோலோடு நின்ற நீங்கள், "உடு அருளு, உனக்கும் வூடு வாசல் இருக்குது" என்றீர்கள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கக் கூடாதா?

பொய் என்று தெரிந்தேதான் என்னை மன்னித்தீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் இத்தனை வருஷம் சோறு இறங்கியது. இன்னும் வேன்தான் ஓட்டுகிறேன். போன வாரம் ஒருவர் எனக்கு முன்னால் காலை நீட்டினார். அவர் திரும்பிக் கண்ணுக்கு மறையும் வரைக்கும் பிரேக்கை மிதித்தபடியே நின்றேன். பின்னால் இருந்தவர்கள் ஆரன் அடித்துத் திட்டினார்கள்.

இன்று பூசை முடிந்ததும் உங்கள் சம்சாரம் மேரி அண்ணி என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, அவுரு கடைசி வரைக்கும் ஒண்ணையே சொல்லிக்கிட்டு இருந்தாருப்பா. அருளு பொய் சொல்றவன் இல்ல, நாந்தான் அன்னிக்குக் கால நீட்ட மறந்துட்டேனாட்டம் இருக்குதுன்னு. தெனம் அதே பேச்சு. நெசமாலுமே நீட்டலியாப்பா?"

அப்போதும் நழுவத்தான் செய்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அண்ணே, காலை ஒடித்ததற்காவது அவசரம் என்று சொல்லலாம். நீங்கள் செய்ததையே செய்யவில்லை என்று உங்களை நம்பவைத்தேனே, அதற்கு என்ன சொல்ல? என்னை நல்லவன் என்று நம்பியதற்கா உங்களுக்கு இந்தத் தண்டனை?

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில், எல்லோரும் கேட்க, அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். மறுநாள் தர்மபுரிக்குப் போய், உங்கள் வக்கீலிடம் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். லைசென்ஸ் போகட்டும், ஜெயில் என்றாலும் சரி. இது சத்தியம்.

நீங்கள் மறக்கவில்லை அண்ணே. காலை நீட்டினீர்கள். நான் பார்த்தேன்.

உங்களோடு பாரம் ஏற்றிய தம்பி,
அருளப்பன்