கவிழ்த்து வைத்த கோப்பைகள்

மார்ச் 3, செவ்வாய்

நாளை என் கையெழுத்தில் போகப்போகும் முதல் மதிப்பீடு. முப்பத்திரண்டு வருடச் சிவப்பு ஒயின், பன்னிரண்டு பாட்டில்கள். சேர்த்து வைத்தவர் இறந்துவிட்டார். அவர் மனைவி எங்கள் ஏல நிறுவனத்திடம் விற்கக் கேட்டிருக்கிறார். மாதிரிக்கு ஒன்றைத்தான் திறப்போம்.

புது அலமாரி வந்தது. விளிம்பு உடையாமலிருக்கத் தட்டில் அட்டை விரித்து, தூசி படியாமலிருக்க ஒயின் கோப்பைகளைக் கழுவிய கையோடு நானே கவிழ்த்து அடுக்கினேன். பதற்றத்தில் இரண்டு தடவை எண்ணினேன்.

மார்ச் 4

நிறம் அருமை. ஓரத்தில் வயதுக்கேற்ற செங்கல் சாயல். கோப்பையைச் சுழற்றி மோந்தேன் — நனைந்த அட்டை நாற்றம்! பழ வாசனை எங்கோ அடியில். மறுபடி மோந்தேன். அதேதான்.

தலைமை மதிப்பீட்டாளரும் மோந்தார். "எனக்கும் லேசா அடிக்குது. ஆனா இது உன் மதிப்பீடு, நீயே சொல்லு."

ஈரத்தில் வைத்துக் கெடுத்திருக்கிறார்கள், பன்னிரண்டும் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 5

அந்த அம்மா போன் செய்தார். "நல்லாப் பாத்தீங்களாம்மா? அவரு அந்த அறையில ஒரு சொட்டு ஈரம் பட விடமாட்டாரே."

"பாத்தோம்மா. கெட்டுத்தான் போயிருக்கு."

"சரி. வீட்டைக் காலி பண்றேன். மிச்சத்தை ஞாயித்துக்கிழமை கொட்டிடறேன்."

சரியாகத்தானே சொன்னேன்? பிறகு ஏன் மனசு ஆறவில்லை?

மார்ச் 6

தூக்கமில்லை.

மார்ச் 7, சனி

ஐயோ. மதியம் மாத்திரை போட டம்ளர் கிடைக்காமல், அலமாரியிலிருந்து ஒரு ஒயின் கோப்பையில் தண்ணீர் பிடித்தேன். வாயில் வைத்ததும் நனைந்த அட்டை. வெறும் தண்ணீரில்! காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக மோந்தேன். எல்லாமே அப்படித்தான். ஈரத்தோடு அட்டைமேல் கவிழ்த்தது நான்தான்.

ஊற்றும் முன் கோப்பையை மோந்து பார், ஒரு சொட்டு ஒயினால் அலசு. முதல் வாரத்துப் பாடம். பதற்றத்துல மறந்து தொலைச்சேனே! இந்த மூக்குக்குச் சம்பளம் வேறு.

தலைமை மதிப்பீட்டாளரிடம் சொன்னேன். "நானுந்தான் மோந்து பாக்கல. முதல்ல அந்தம்மாகிட்டச் சொல்லு" என்றார்.

ஏழு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. விடிந்தால் ஞாயிறு.

மார்ச் 8

விடிந்ததும் அந்த அம்மா வீட்டுக்கே ஓடினேன். கதவைத் திறந்தபோது அவர் கையில் கார்க் திருகி. பாத்திரத் தொட்டியருகே இரண்டு காலி பாட்டில்கள். மூன்றாவதில் கார்க் பாதி வெளியே.

"கொட்டாதீங்கம்மா! தப்பு ஒயின்ல இல்ல. என் கோப்பையில."

அவர் வீட்டுக் கோப்பையை மோந்து, அலசி, அந்த மூன்றாவதை ஊற்றினேன். உலர்ந்த பழம், கொஞ்சம் புகையிலை, கடைசியில் மெல்லிய இனிப்பு. வெகுநேரம் நாக்கை விட்டுப் போகவில்லை. எங்கள் தொழில் வழக்கப்படி துப்ப மனம் வராமல் விழுங்கிவிட்டேன்.

"அப்ப அவரு சரியாத்தான் வெச்சிருந்தாரா?"

"ரொம்பச் சரியா வெச்சிருந்தாரும்மா."

"மூணு நாளா அவரு போட்டோவைப் பாத்துத் திட்டித் தீத்துட்டேனே" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 10

அலமாரியில் அட்டை இல்லை. கோப்பைகளை நிமிர்த்தி வைத்தாயிற்று. தூசி படிந்தால் துடைத்துக்கொள்ளலாம். பிழை என்னுடையது என்று எழுதி, மிஞ்சிய எட்டுப் பாட்டில்களுக்குப் புது மதிப்பீடு தயார் செய்தேன்.

மாலையில் அந்த அம்மா போன். "ஏழுன்னு போடுங்கம்மா. ஒண்ணு எனக்கு வேணும். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்ல, வெறுங்கையோடவா கேக்கறது?"

எட்டை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன்.