மடித்துக் கட்டிய சூட்டு விரிப்பு

சிம்பாங் ரெங்கம்

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும், பொறுத்துப் படித்துக்கொள் அம்மா. கோயில் மண்டபத்தில் வாசுகி டீச்சரிடம் இந்த வயதில் கற்றுக்கொண்ட எழுத்து. நானே எழுதும் முதல் கடிதம் இதுதான். உன் பெயரை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம். கிளாஸ்கோ குளிரில் நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதச் சொன்னாள், ஆனால் அவள் நலமாக இல்லை. போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

தீபாவளிக்கு வந்தபோது அம்மாவின் காலுக்கென்று ஒரு விரிப்பு கொடுத்தாயே, ரப்பரில் கரித்தூள் கலந்தது, கரண்டு ஓடினால் சூடாகும் என்று. எந்தக் கலவை எவ்வளவு சூடாகும் என்று செய்து பார்த்த கணக்கையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பழக்கியிருக்கிறோம், இனி அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடும் என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது, பெருமை மட்டும் முழுசாக இருந்தது. விரித்துப் போட்டு அதன்மேல் காலை வைக்கச் சொன்னாய். மார்கழி மழையில் அவளுக்கு அது போதவில்லை. நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கட்டுவதுபோல அதை நாலாக மடித்துப் பாதத்தில் வைத்து, பழைய கைலியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நாடகம் பார்த்தாள். இனிப்பு நீர் வியாதியில் மரத்துப்போன கால், சூடு தெரியவில்லை. மடிப்புக்குள் சூடு சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. கருகும் வாடை வந்த பிறகுதான் நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்று சொல்லிவிட்டாள். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கினாள். “கால் போனா போகுதுங்க, புள்ளைக்குத் தெரிஞ்சா அந்த வேலைய விட்டுட்டு வந்துரும். வாயத் தொறந்தீங்க, அப்புறம் என் கையால கோப்பி கெடையாது” என்றாள். போன மாதம் இரண்டு விரல்களை எடுத்தார்கள். புண் இன்னும் ஆறவில்லை, கணுக்கால்வரை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். வீடியோவில் நீ பார்ப்பதெல்லாம் அவள் முகத்தை மட்டும்தான்.

நான் கடைசிவரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, அதே மாதிரி விரிப்புகளை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம், சூடு அளவைத் தாண்டாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்றாய். அம்மா கைதட்டினாள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். குளிரெடுத்தால் வயதானவர்கள் மடிப்பார்கள் அம்மா, சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். மடித்த விரிப்பை உங்கள் கம்ப்யூட்டருக்குக் காட்டியிருக்கிறீர்களா? எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். அது தெரியும்வரை ஒன்றைக்கூட வெளியே கொடுக்காதே.

அழுதுவிட்டு வேலைக்குப் போ, வேலையை விடாதே. அவள் பயந்தது அதற்குத்தான். உன்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. முருகன் உன்னைக் காப்பாற்றட்டும். சத்தியத்தை மீறிய பாவம் எனக்கே வரட்டும். இப்போது எதிரில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, நல்லா இருக்கேன்னு எழுதிட்டீங்களா என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன் என்று தலையாட்டினேன். வியாழக்கிழமை டாக்டர் முடிவு சொல்கிறார். காலை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அடுத்த வாரம் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

உன் அப்பா
வீரமுத்து