குஸ்தி மாநாட்டில் அண்ணனுக்கு ஒரு நாற்காலி

அண்ணி,

இன்று காலை துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில், பக்கத்துப் போர்ஷன் பெண்ணின் சுடிதாருக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு முகமூடி தொங்கியது. கறுப்புத் துணி. கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டை, ஓரத்தில் சிவப்புத் தையல். அதிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த அந்தப் பெண் நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள். சென்னையில் குஸ்தி ரசிகர்கள் ஒன்றுகூடுகிறார்களாம், அதற்குப் போட்டுக்கொண்டு போக வாங்கினாளாம்.

"முதல் தடவை போறேன் ஆன்ட்டி. அங்க என்ன இருக்கும்னே தெரியல."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுக்கு போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டாள். சொல்ல வந்தது எனக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை உங்களிடம்தான் சொல்ல முடியும். அந்த நாளை முழுதாக அறிந்தவர்கள் நாம் இரண்டு பேர். இப்போது நான் ஒருத்தி.

நீங்கள் எங்கள் விக்கிரமங்கலம் வீட்டுக்கு மருமகளாக வந்த வருஷம்தான் அரியலூரில் குஸ்தி போட்டார்கள். அண்ணன் ஒரு குஸ்திப் பைத்தியம். மற்றபடி வாயில்லாத மனிதர். உங்களிடம்கூட "தண்ணி", "சோறு", "போயிட்டு வரேன்" என்பதைத் தாண்டி அவர் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் அன்று நம் இருவரையும் பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போனார். மைதானத்தின் நடுவில் பரண் கட்டி, சுற்றிலும் கயிறு இழுத்து, டியூப் லைட் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் இரும்புப் புயல் என்கிற வீரன். சிவப்பாக, நெற்றியில் விபூதியோடு வந்தான். எதிர்ப்பக்கம் கறுப்பு முகமூடி போட்ட காபூல் கழுகு. அவன் முதுகுப்பக்கமாக அடிப்பான், கண்ணில் மண்ணைத் தூவுவான். கூட்டம் அவனைக் கிழித்துப் போடத் துடித்தது. அண்ணன் எழுந்து நின்று கத்தினார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அவன்மேல் வீசினார்.

நீங்கள் என் கையைப் பிடித்திருந்தீர்கள். கழுகு கீழே விழும்போதெல்லாம் உங்கள் நகம் என் கையில் பதிந்தது. "பாவம் பாப்பா, இத்தனை பேரு சேந்து ஒருத்தனைத் திட்டுறாங்களே" என்று என் காதில் மட்டும் சொன்னீர்கள். ஆட்டம் முடிந்ததும் அண்ணன், "நீங்க பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க, செருப்பைத் தேடிட்டு வரேன்" என்று போனார். வர வெகுநேரம் ஆயிற்று. வரும்போது இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. எங்கே கிடைத்தது என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷமே மஞ்சள் காமாலையில் அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நம் வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் பேரை யாராவது எடுத்தால் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவார், அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அதனால் யாரும் எடுப்பதில்லை. நீங்கள் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தீர்கள், கடலைக்கொல்லையில் களை எடுத்தீர்கள், எல்லாரும் தின்ற பிறகு தின்றீர்கள். அழுது நான் பார்த்ததில்லை. ஒரு நாள் அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று நானாகக் கேட்டேன். கையிலிருந்த களைக்கொட்டை மண்ணில் ஊன்றிவிட்டு யோசித்தீர்கள். "நெனைச்சுக்கக்கூட எனக்கு அவ்வளவா இல்ல பாப்பா" என்றீர்கள். பிறகு அடுத்த சாலுக்குப் போய்விட்டீர்கள்.

அந்த வருஷம் அறுவடை முடிந்த சமயத்தில் அண்ணனின் கூட்டாளி, அரியலூர் சைக்கிள் கடைக்காரர், வீட்டுக்கு வந்தார். இருவரும் ஒரே குஸ்தி ரசிகர் மன்றத்தில் இருந்தவர்கள். பெரம்பலூரில் ரசிகர் மாநாடு நடத்துகிறார்களாம், பழைய வீரர்களெல்லாம் வருகிறார்களாம்.

"அவன் இருந்திருந்தா முன்வரிசையில உக்காந்திருப்பான்மா. அவன் பேருல ஒரு நாற்காலி போட்டு மாலை வைக்கிறோம். வூட்டுலேருந்து யாராச்சும் வந்தா நல்லாருக்கும்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா எழப் போனார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நீங்கள்தான் முன்னால் வந்து, "நான் போறேங்க" என்றீர்கள். அம்மா கத்திய கத்தல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. தாலி அறுத்தவளுக்குக் குஸ்தி கேக்குதா என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னார். கடைசியில் அப்பா, "அவன் நாற்காலிக்கு அவ போவாம வேற யாரு போவா? பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வரட்டும்" என்றார். அண்ணன் செத்த பிறகு அப்பா அவரைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

பெரம்பலூரில் படம் ஓடாமல் மூடிக் கிடந்த ஒரு கொட்டகையில் மாநாடு. வாசலில் வாழைமரம், ஒலிபெருக்கி, கல்யாண வீடு மாதிரிப் பன்னீர். உள்ளே போனால் ஒரே ஆண்கள். பெண் என்றால் நாம் இருவர்தான். மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் வீரர்களைப் புகழ்ந்து பேசினார்கள். நடுவில் எவரோ எழுந்து "குஸ்தி நெசமா, பேசி வச்சு ஆடுறதா?" என்று கேட்டுவிட, அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அங்கே நடந்த ஒரே நிஜமான சண்டை அதுதான் என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பீர்கள். முன்வரிசையில் அண்ணனுக்கு நாற்காலி இருந்தது, மாலையும் இருந்தது. ஆனால் கூட்ட நெரிசலில் யாரோ அதன்மேல் துண்டையும் பையையும் வைத்திருந்தார்கள். நீங்கள் அவற்றை எடுத்துக் கீழே வைத்தீர்கள். மாலையை நேராக்கினீர்கள்.

மத்தியானம் வீரர்களை மேசை போட்டு உட்கார வைத்தார்கள். இரும்புப் புயலின் முன்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. கைக்குட்டையில் கையெழுத்து வாங்கினார்கள், கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சற்றுத் தள்ளி இன்னொரு மேசையில் காபூல் கழுகு முகமூடியோடு தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் கடலைத் தோலை அவன்மேல் எறிந்தார்கள். அவனும் கடமைக்கு உறுமினான். அந்த வெயிலில் முகமூடி நனைந்து கழுத்தில் வியர்வை ஓடியது.

நீங்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தீர்கள். நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் நிற்கவில்லை. நேராகப் போய் அவன் எதிரில் நின்று, "சாப்பிட்டீங்களா?" என்றீர்கள்.

உறும வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டான். இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு மெல்ல, "இல்லம்மா. காலையில ஆண்டிமடத்துல டீ குடிச்சதோட சரி" என்றான்.

காபூல்காரனின் வாயிலிருந்து நம்மூர்ப் பேச்சு! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சத்தமாச் சிரிக்காத தாயி, பொழப்பு போயிடும்" என்று கெஞ்சினார். அவருக்கு ஊர் ஆண்டிமடத்துப் பக்கம், முந்திரிக்காட்டு ஓரம். நீங்கள் புளிச்சோற்றை வாளி மூடியில் வைத்துக் கொடுத்தீர்கள். முகமூடியைத் தூக்காமலே வாய் ஓட்டை வழியாகத் தின்றார். நீங்களும் எதிரில் உட்கார்ந்து தின்றீர்கள். கூட்டத்தில் சிலர் பார்த்துச் சிரித்தார்கள்.

"நீங்க எந்த ஊரும்மா? இங்க எப்படி?" என்று கேட்டார். நீங்கள் நாற்காலியைக் காட்டினீர்கள். "எங்க வூட்டுக்காரரு. அரியலூர்ல உங்க ஆட்டம் பாத்தாரு. உங்க மேல செருப்பை எறிஞ்சாரு. தப்பா நெனைச்சுக்காதீங்க அண்ணே."

அவர் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"ஒல்லியா, காதுகிட்ட மச்சத்தோட ஒருத்தரா? அவரு ஆட்டம் முடிஞ்சு பின்னாடி வந்தாரும்மா. ஒரு கால்ல செருப்பு, ஒரு கால் வெறுங்காலு. நான் வலியில படுத்துக் கெடந்தேன். கலர் சோடா ஒண்ணு வாங்கியாந்து குடுத்தாரு. செருப்பைக் கேக்கத்தான் கூச்சப்பட்டாரு. நானே எடுத்துக் குடுத்தேன். இத்தனை வருசத்துல எறிஞ்ச செருப்பைத் திரும்பக் கேட்டு வந்தவரு அவரு ஒருத்தருதான்."

கையில் எடுத்த சோறு உங்கள் வாய்க்குப் போகவில்லை.

"போறப்ப ஒண்ணு சொன்னாரும்மா. 'எம் பொஞ்சாதி உங்க கட்சிங்க. நீங்க விழறப்பல்லாம் அவ மொகம் சுருங்குது. நான் ஆட்டத்தை எங்க பாத்தேன், அவளைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கோவத்துல எறிஞ்சுட்டேன்'னு சொல்லிச் சிரிச்சாரு. அது நீங்கதானா?"

அப்போதுதான் அழுதீர்கள் அண்ணி. அத்தனை ஆண்களுக்கு நடுவில், கையில் சோற்றுப் பருக்கையோடு. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் முகமூடிக்குள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். உங்களைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள்.

நாம் வீட்டுக்கு வருவதற்குள், முந்தின பஸ்ஸில் வந்த எவரோ அம்மாவிடம் வத்தி வைத்துவிட்டார்கள். வாசலிலேயே மறித்தார். "எவனோ குஸ்திக்காரனோட உக்காந்து சோறு தின்னியாமே?"

"ஆமாங்க அத்தை. உங்க மவனுக்குத் தெரிஞ்சவரு" என்றீர்கள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னீர்கள். உங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அண்ணன் சொன்னதையும் வெட்கப்படாமல் சொன்னீர்கள். திட்ட வாயைத் திறந்த அம்மா, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சோடாவா வாங்கிக் குடுத்தான்?"

"ஆமாங்க அத்தை."

"அப்பறம் என்ன சொன்னானாம்?"

நீங்கள் மறுபடி முதலிலிருந்து சொன்னீர்கள். கொல்லைப்பக்கம் போன அப்பா திரும்பி வந்து தூணோரம் நின்று கேட்டார். அதற்குப் பிறகு நம் வீட்டில் அண்ணன் பேரைச் சொல்ல முடிந்தது. அம்மா கண்ணை மூடும் வரைக்கும் உங்களை விட்டுத் தனியாகச் சாப்பிடவில்லை.

நான் கட்டிக்கொடுத்துப் பெரம்பலூருக்கு வந்துவிட்டேன். அம்மா அப்பா போன பிறகு நீங்கள் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தீர்கள். ஊரே மாறிப் போனது. நான் வரும்போதெல்லாம் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வீர்கள். என் வீட்டுக்காரரும் போய், பிள்ளைகளும் தூரம் போன பிறகு, பேச எனக்கு நீங்கள் இருந்தீர்கள். போன மாசியில் நீங்களும் போய்விட்டீர்கள்.

அன்று பெரம்பலூரில் தெரிந்துகொண்டதை நான் விடவில்லை அண்ணி. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் ஆறுதல் சொல்வதில்லை. செத்தவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை, அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்காது என்று தோன்றுகிற ஒன்றை, சொல்லிவிட்டு வருவேன். அழுதுகொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "அப்படியா?" என்பார்கள்.

உங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தேன். வழியெல்லாம் யோசித்து, சொல்ல நிறைய வைத்திருந்தேன். வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். உங்களோடு வேலை பார்த்தவர்கள் சிலர் வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். உள்ளே உங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் கேட்க வேண்டியவள் என்று நான் ஒருத்திதான் இருந்தேன்.